ஒரே எண் போதுமா? – சிறுத்தைப் பல்லி வளர்ப்புக் கையேடுகள் பற்றி ஒரு விமரிசனம்

என்னுடன் எம்.எஸ்ஸி. படித்த நண்பர் ஒருவர் இங்கிலாந்தில் குடும்பத்துடன் வசிக்கிறார். சென்ற குளிர்காலத்தில் தம் மகளின் ஒன்பதாவது பிறந்த நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த பரிசு ஒரு பல்லி. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி அன்று. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் இறைந்து கிடக்கும், ஒரு சாண் நீளமுள்ள சிறுத்தைப் பல்லி. கடைக்காரர் பல்லியோடு கூட ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கு அடியில் வைக்கும் மின் வெப்பப் பாய், ஒரு பை மணல், பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்று ஆகியவற்றையும் கொடுத்தாராம். மூன்றே வாரங்களில் பல்லி இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. "கையேட்டில் உள்ளபடிதான் எல்லாம் செய்திருக்கிறோம். வெப்பநிலைமானியும் சரியாக 31 காட்டுகிறது. நீதான் இயற்பியல் வாத்தியார் ஆயிற்றே, எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்" என்று எழுதி, கையேட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பின்னர் அதே போன்ற வேறு மூன்று கையேடுகளையும் தேடி அனுப்பினார்.

பல்லி வளர்ப்பில் எனக்கு அனுபவம் கிடையாது. எங்கள் கல்லூரி விலங்கியல் துறை நண்பரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் நான்கையும் படித்தேன். நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. உண்மையும், அரை உண்மையும், காலங்கடந்துபோன கருத்தும் ஒன்றுடன் ஒன்று கலந்து கிடந்தன. ஓர் அறிவியல் செய்தி கையேடாகச் சுருங்கும்போது அதிலிருந்து எது முதலில் உதிர்ந்து போகிறது என்பதை அறிய இவற்றைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நம் நாட்டில், காட்டிலிருந்து ஒரு பல்லியைப் பிடித்து வந்து தொட்டியில் வளர்க்கலாம் என்று மாணவர்கள் யாரும் எண்ண வேண்டாம்.

இமை உள்ள பல்லி

முதலில் இப்பிராணியைப் பற்றிச் சில செய்திகள். கல்கத்தாவில் ஏஷியாடிக் சொசைட்டியின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத் என்பவர் 1854-இல் இதனை விவரித்துப் பெயரிட்டார். யூபிளெஃபாரிஸ் மாகுலேரியஸ் என்பது அதன் விலங்கியற் பெயர். முதற்சொல்லுக்கு 'நல்ல இமை' என்பது பொருள். இரண்டாம் சொல் புள்ளிகளைக் குறிக்கும். நம் வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது என்பதையும், அது நாக்கினால் கண்ணைத் துடைத்துக் கொள்வதையும் பலர் கவனித்திருப்பீர்கள். சிறுத்தைப் பல்லியோ கண்ணை மூடி உறங்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. வீட்டுப் பல்லியின் விரலடியில் மிக நுண்ணிய இழைகள் இலட்சக்கணக்கில் உள்ளன. அவற்றுக்கும் சுவருக்கும் இடையே தோன்றும் வாண்டெர்வால்ஸ் விசையே பல்லியைக் கூரையில் தொங்க விடுகிறது என்பதைக் கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002-இல் நிறுவினர். சிறுத்தைப் பல்லிக்கு இந்த இழைகள் இல்லை; நகங்கள் மட்டுமே உண்டு. ஆகவே அது கண்ணாடியில் ஏறாது. தொட்டியில் வளர்ப்பதற்கு அது வசதியாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிழக்கு ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவை இதன் தாயகம். பாறையும் இறுகிய மண்ணும் வறண்ட புல்லும் நிறைந்த நிலம் அது. கோடையில் அங்கே கொதிக்கும், குளிர்காலத்தில் விறைக்கும். குளிர் மாதங்களில் இப்பல்லி நிலத்தடிப் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும். மற்றக் காலங்களில் பகலெல்லாம் கல்லிடுக்கில் பதுங்கியிருந்து, அந்தி மயங்கும் வேளையில் வெளியே வந்து பூச்சிகளை வேட்டையாடும். மிகுதியான உணவைக் கொழுப்பாக வாலில் சேமித்து வைக்கும். நன்றாகப் பராமரித்தால் தொட்டியில் பதினைந்து, இருபது ஆண்டுகள் கூட உயிர் வாழும். நண்பரின் மகள் கல்லூரிப் படிப்பை முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கக்கூடும். பன்னிரண்டு பக்கங்களில் இதனை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

31, ஆனால் எங்கே?

கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி அச்சிட்டிருந்தார்கள்: 'வெப்பநிலை: 31° செல்சியஸ்.' அவ்வளவுதான். எதன் வெப்பநிலை? காற்றினுடையதா, தரையினுடையதா, பல்லியினுடையதா? தொட்டியின் எந்த மூலையில்? பகலிலா, இரவிலா? பதில் இல்லை. எங்கள் பாட்டி பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கம் பார்ப்பாள். "பல்லி விழுந்தது" என்று சொன்னால் அவள் முதலில் கேட்பது, "எங்கே விழுந்தது?" என்பதுதான். தலைக்கு ஒரு பலன், தோளுக்கு ஒரு பலன். பஞ்சாங்கம் காட்டும் அந்தக் கவனத்தை இந்தக் கையேடு காட்டவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

பாலூட்டிகளும் பறவைகளும் உணவை எரித்துத் தம் உடலைச் சூடாக வைத்துக் கொள்கின்றன. பல்லிக்கு அந்த வசதி இல்லை. சூடு வேண்டும்போது சூடான இடத்துக்குப் போகும். போதும் என்றால் விலகி வரும். நடந்து போய் வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பதே அதன் உடலியல் எனலாம். எனவே அதற்கு வேண்டியது ஒரு வெப்பநிலை அன்று, வெப்பநிலைச் சரிவு. தொட்டியின் ஒரு முனையில் தரை 32 முதல் 34° செ. வரையிலும், மறுமுனை 24 முதல் 26° செ. வரையிலும் இருக்க வேண்டும். இரவில் 20° வரை இறங்கினாலும் ஆரோக்கியமான பல்லிக்குக் கெடுதல் இல்லை. தொட்டி முழுவதும் ஒரே 31 என்று இருந்தால், கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கும். பல்லிக்கோ அது வெளியேற வழியில்லாத அறை.

அப்படிப் போய் வருவதில் எவ்வளவு விரைவாக உடல் சூடேறும் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த பல்லியின் நிறையை 60 கிராம் எனக் கொள்வோம். உயிர்த் திசுவின் தன்வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 3.5 ஜூல். ஆகவே பல்லியை ஒரு பாகை சூடாக்க 210 ஜூல் வேண்டும். சூடான கல்லிலிருந்து வினாடிக்கு 2 ஜூல் வீதம் அது பெறுவதாக வைத்துக் கொண்டால், இழப்பைக் கணக்கில் சேர்க்காமல், ஒரு பாகை உயர ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். கால் மணி நேரத்தில் எட்டுப் பாகை ஏறிவிடும். சிறிய உடலுக்கு இது ஒரு வரம். ஆபத்தும் அதுவே, தப்பிக்க இடம் இல்லாவிட்டால் அதே வேகத்தில் அளவுக்கு மீறியும் சூடேறும்.

அடுத்த பிழை வெப்பப் பாயைப் பற்றியது. 'பாயைத் தொட்டிக்கு அடியில் வைத்து, மேலே 5 செ.மீ. உயரத்துக்கு மணலைப் பரப்புக' என்கிறது கையேடு. எழுதியவருக்கு வெப்பநிலைக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு நினைவில்லை போலும். 8 வாட் பாய் என்றால், வினாடிக்கு 8 ஜூல் வெப்பத்தைத் தரும் என்பதே பொருள். அது எந்த வெப்பநிலையில் நிற்கும் என்பதைப் பாய் தீர்மானிப்பதில்லை. வெப்பம் வெளியேறும் வழி தீர்மானிக்கிறது. உள்ளே வரும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் வரை பாயின் சூடு ஏறிக்கொண்டே போகும். உலர்ந்த மணல் நல்ல வெப்பக் காப்பு. நாமே பாயைப் போர்த்திவிட்டு, அது ஏன் கொதிக்கிறது என்று கேட்கிறோம். அறையின் குளிர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். எனவே வெப்பநிலையைக் காக்க ஒரு தெர்மோஸ்டாட் இன்றியமையாதது. அதன் உணர்முனையை, பல்லியின் வயிறு படும் தரையில் பொருத்த வேண்டும். காற்றில் தொங்கவிட்டால், காற்று சூடாகும் வரை பாய் எரிந்து கொண்டே இருக்கும். நான்கு கையேடுகளில் ஒன்று மட்டுமே தெர்மோஸ்டாட்டைக் குறிப்பிட்டது. அதுவும் 'விரும்பினால் வாங்கலாம்' என்ற பட்டியலில்.

நண்பரின் தொட்டியில் 31 காட்டிய கருவி, கண்ணாடிச் சுவரில் ஒட்டும் நிறமாறும் பட்டை. அது சொல்வது கண்ணாடியின் வெப்பநிலையை. கண்ணாடிக்கு ஒரு பக்கம் தொட்டி, மறுபக்கம் இங்கிலாந்துக் குளிர்காலம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண் அதில் தெரியும். பல்லிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. கம்பியின் நுனியில் உணர்முனை உள்ள சாதாரண டிஜிட்டல் வெப்பநிலைமானி ஒன்று வாங்கி மூன்று இடங்களில் அளக்கும்படி எழுதினேன். மணலின் மேற்பரப்பு, பாய்க்கு நேர் மேலே: 30°. அதே இடத்தில் மணலைத் தோண்டி அடிக் கண்ணாடியில்: 46°. எதிர்மூலையில், தண்ணீர்க் கிண்ணத்தின் பின்னால்: 18°. பல்லி எந்நேரமும் அந்த எதிர்மூலையில்தான் படுத்திருந்ததாம்.

ஏன் 30° உள்ள இடத்துக்கு அது வரவில்லை? கையேடு 'ஒளிவிடம் ஒன்று வைக்கவும்' என்றது. அவர்கள் அதனைக் குளிர்ந்த பக்கத்தில் வைத்திருந்தார்கள். பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் பிராணி, மறைவு இல்லாத இடத்தில் நிம்மதியாகப் படுக்காது. சூடா, பாதுகாப்பா என்ற தேர்வில் அது பாதுகாப்பைத் தேர்ந்தது. 18 பாகையில் செரிமான நொதிகளின் வேலை வெகுவாக மந்தமாகிவிடும். செரிக்காத இரை வயிற்றில் இருக்கும்போது புதிய இரையைத் தொடாமல் இருப்பது முறையான நடத்தையே. சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, இடையில் ஈரப்பாசி வைத்த ஒன்று என மூன்று ஒளிவிடங்கள் வேண்டும் என்று விலங்கியல் நண்பர் சொன்னார். தோலுரிக்கும் காலத்தில் அந்த ஈரமான இடம் உதவும். பழைய தோல் விரல்களில் வளையம் போல் தங்கிவிட்டால், இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே போய்விடும்.

அகச்சிவப்பு வெப்பநிலைமானி இப்போது மலிவாகக் கிடைப்பதால் அதையும் சில கையேடுகள் பரிந்துரைக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் தொட்டியின் வெளியே நின்று கண்ணாடி வழியாகக் குறி வைத்தால் கண்ணாடியின் சூடுதான் தெரியும். அக்கருவி பயன்படுத்தும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளக் கதிர்களைக் கண்ணாடி விடுவதில்லை. மேலே திறந்து பார்க்க வேண்டும். சிவப்பு ஒளிப்புள்ளி படும் இடம் மட்டுமே அளக்கப்படுகிறது என்றும் எண்ணக்கூடாது. 12:1 என்று குறிப்பிட்ட கருவி, 60 செ.மீ. தொலைவிலிருந்து 5 செ.மீ. அகலமுள்ள வட்டத்தின் சராசரியைத் தரும்.

'வயிற்றுச் சூடு'

நான்கு கையேடுகளும் ஒருமுகமாகச் சொல்வது: 'இப்பல்லிக்குச் செரிமானத்துக்கு வயிற்றுச் சூடு அவசியம், ஆகவே அடியிலிருந்து மட்டுமே சூடு தர வேண்டும்.' இதில் பாதி உண்மை இருக்கிறது. பகலில் வெயில் காய்ந்த பாறையின் சூடு உடனே அடிப்பக்கம் போய்ச் சேராது. 10 செ.மீ. கனமுள்ள கல்லில் அது இரண்டு மூன்று மணி நேரம் பின்தங்கியே செல்லும். கல்லிடுக்கில் பதுங்கிய பல்லி, சூரியனைக் காணாமலே, தொடுகையின் மூலம் அந்தச் சூட்டைப் பெறுகிறது. அந்தி நேரத்தில் வெளியே வந்த பிறகும் கல்லின் சேமிப்பு அதற்குப் பயன்படும். ஆனால் செரிமானத்துக்கு வேண்டியது உடலின் சூடு. அது வயிற்று வழியாக வந்ததா, முதுகு வழியாக வந்ததா என்று நொதி கேட்பதில்லை. இரத்தம் அதனை எங்கும் கொண்டு சேர்க்கிறது. மேலிருந்து ஒரு சாதாரண வெப்ப விளக்கு தட்டைக் கல் ஒன்றைப் பகலில் சூடாக்கினால், பல்லிக்கு மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு விதமாகவும் சூடு கிடைக்கும். அதன் தாயகத்தில் நடப்பதும் இதுவே.

மின்சாரக் கம்பியை உள்ளே வைத்துச் செய்த 'சூட்டுக் கல்' மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் மேற்பரப்பில் ஆங்காங்கே அளவு கடந்த சூடு உண்டாகும். பிராணி விலகாமல் படுத்திருந்து வயிற்றைப் புண்ணாக்கிக் கொள்வதை ஊர்வன மருத்துவர்கள் பல காலமாக எச்சரித்து வருகின்றனர். ஒரு கையேட்டின் பின் அட்டையில் அதற்கே விளம்பரம் இருந்தது.

வெப்பம் பற்றிய பேச்சை முடிக்குமுன் ஒன்று. இப்பல்லியின் முட்டையில் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதும் வெப்பநிலையே. 26° அளவில் அடைகாத்தால் பெரும்பாலும் பெண், 32.5° அளவில் பெரும்பாலும் ஆண். 34-ஐத் தாண்டினால் மறுபடியும் பெண். இரண்டு பாகை வித்தியாசத்துக்கு இவ்வளவு பொருள் உள்ள ஒரு பிராணிக்கு, எங்கே அளப்பது என்று சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் கொடுப்பது எப்படிப் பொருந்தும்?

மணலும் ஒட்டகப் படமும்

'பாலைவனப் பிராணி; ஆகவே மணல்' என்பது கையேட்டின் தர்க்கம். அட்டையில் மணற்குன்று, தூரத்தில் ஓர் ஒட்டகம். பாலை என்றதும் மணல் என்று நினைப்பது படம் பார்த்து வந்த பழக்கம். பாறையும் களிமண்ணும் இறுகிய தரையில் வாழும் பிராணிக்கு, கால் புதையும் பொடி மணல் அந்நியம். பூச்சியைக் கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும். வெப்பம் போதாமல் குடல் மந்தமாகி, நீரும் குறைந்திருந்தால் அது அடைத்துக் கொள்ளும். மணலைக் கண்டாலே பல்லி செத்துவிடும் என்று எதிர்முகாமில் சிலர் எழுதுவதும் மிகையே. மண்ணும் களியும் கலந்து கெட்டித்த தரையில், சரியான சூட்டில், ஆரோக்கியமான பல்லி நன்றாகவே வாழும். தொடக்கநிலையில் காகிதம் விரிப்பதே மேல். எச்சத்தைப் பார்க்கலாம், இரை செரிக்கிறதா என்று அறியலாம். கால்சியத்தால் செய்த மணலை 'தின்றாலும் நல்லது' என்று விற்கிறார்கள். தின்னத் தூண்டுவது அதுவே என்பதால், அதுதான் மற்ற மணலைவிட அபாயமானது.

இரவுப் பிராணிக்கு ஒளி எதற்கு?

'இது இரவில் நடமாடுவது; புற ஊதா ஒளி தேவையில்லை' என்ற வாக்கியமும் நான்கிலும் இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்பதற்கு, நான்கிலும் அதே சொற்கள் அதே வரிசையில் அமைந்திருப்பதே சான்று. இதில் இயற்பியலும் வேதியியலும் அழகாகச் சேருகின்றன. தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிரை உட்கவர்ந்து உருமாறுகிறது. அதன் பின் உடற்சூட்டினால் அது மெல்ல வைட்டமின் டி-3 ஆகிறது. முதற்படிக்கு ஒளி, இரண்டாம் படிக்கு வெப்பம். இந்த வைட்டமின் இன்றேல், கால்சியம் உணவில் இருந்தும் எலும்பில் சேராது. தாடை இளகும், கால்கள் வளையும்.

சிறுத்தைப் பல்லியும் இப்படிச் செய்ய வல்லதா என்பது வெறும் ஊகமாக இருந்த காலம் உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்பல்லிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒரு மாதம் புற ஊதா-பி ஒளி காட்டினார்கள். காட்டாத பல்லிகளைவிட இவற்றின் இரத்தத்தில் வைட்டமின் டி-யின் அளவு உயர்ந்தது. அந்தியில் கொஞ்சம், கல்லிடுக்கில் கசியும் ஒளியில் கொஞ்சம் என்று அது இயற்கையில் பெற்று வருவதை எண்ணினால் இதில் வியப்பில்லை. எனினும் இதனை வைத்து, 'ஒளி இல்லாவிட்டால் பல்லி பிழைக்காது' என்று எழுதினால் அதுவும் தவறு. பல தலைமுறைகள் உணவில் தூவிய டி-3 பொடியினாலேயே வளர்ந்திருக்கின்றன. இரண்டு வழிகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பொடி மிகுந்தால் கொழுப்பில் தங்கி நஞ்சாகலாம். ஒளியில் மிகுதி ஏற்பட்டால், தோலிலுள்ள இடைநிலைப் பொருள் வேறு செயலற்ற பொருள்களாக மாறிவிடுகிறது. உற்பத்தி தானே நின்றுவிடும். ஆகவே மெல்லிய ஒளியும் நிழலும் இரண்டும் தந்து, பொடியைக் குறைப்பதே விவேகம் என்பது என் கருத்து. உடலில் நிறமி குறைந்த வெளிறிய பல்லிகளுக்கு இன்னும் குறைவாகத் தர வேண்டும். கண்ணும் தோலும் பாதிக்கப்படக் கூடும்.

ஒரு கையேடு 'ஜன்னலோரம் வைத்தால் சூரிய ஒளியே போதும்' என்கிறது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வெப்பத்தை மட்டும் உள்ளே விட்டுத் தொட்டியை அடுப்பாக்கும். வைட்டமினும் இல்லை, பல்லியும் இல்லை என்று முடியும்.

உணவுப் பக்கங்கள்

குறையே சொல்லிக் கொண்டு போவது நியாயமாகாது. உணவு பற்றிய பக்கங்கள் நன்றாக எழுதப்பட்டுள்ளன. உயிருள்ள பூச்சிகளையே இது உண்ணும்; காய்கறி தராதீர்கள். சில்வண்டு, மாவுப்புழு, இதற்கென வளர்த்த கரப்பான் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குட்டிக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. இவையெல்லாம் சரியே. தின்னாத சில்வண்டை இரவில் தொட்டியில் விட்டுவைக்காதீர்கள், அது பல்லியைக் கடிக்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. பார்த்து அனுபவித்தவர் எழுதிய வரி அது.

பூச்சிகளின் மீது கால்சியப் பொடி தூவச் சொல்கிறார்கள். ஏன் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். சில்வண்டின் உடலில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லிக்கு வேண்டிய விகிதமோ இதற்கு நேர்மாறானது. கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. அந்தத் தலைகீழ் விகிதத்தை நிமிர்த்தவே பொடி. காரணம் தெரிந்த சிறுமி ஒரு நாளும் பொடியை மறக்க மாட்டாள். பூச்சிக்கும் ஒரு நாள் முன்பே நல்ல தீனி போட வேண்டும். பட்டினிப் பூச்சி வெறும் கூடு. தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடலாம் என்று ஒரு கையேடு சொல்வது மட்டும் ஆபத்து. பூச்சிமருந்து ஒருபுறம் இருக்க, வட அமெரிக்க மின்மினி வகை ஒன்றைத் தின்று வளர்ப்புப் பல்லிகள் இறந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நான்கு கையேடுகளிலும் தராசு என்ற சொல் இல்லை. சமையலறை மின் தராசில் வாரம் ஒருமுறை பல்லியை நிறுத்து எழுதி வைத்தால், வால் மெலிவது கண்ணுக்குத் தெரியுமுன்பே எண்ணில் தெரிந்துவிடும். மெலிவு எல்லாம் சூட்டுக் குறைவினால் வருவதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியும் வாலைக் குச்சியாக்கும். அதற்கு மருத்துவரிடம் மலப் பரிசோதனைதான் வழி. ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தையும் குழந்தைக்கு முதல் நாளே கற்றுத் தர வேண்டும். இது ஒரு கையேட்டில் மட்டும், சிறிய எழுத்தில் உள்ளது.

கடைசிப் பக்கங்களில் வண்ணப் படங்கள். மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என்று நிறத்துக்கு ஒரு விலை. 'லெமன் ஃப்ராஸ்ட்' எனும் பளிச்சென்ற எலுமிச்சை நிற வகையையும் போட்டிருக்கிறார்கள். அந்த நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றமே அவற்றின் தோலில் நிறச்செல் கட்டிகளையும் உண்டாக்குகிறது என்பதை 2021-இல் வெளியான மரபியல் ஆய்வு சுட்டியது. அப்பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி வருகிறது. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம், வளர்ப்பவர் பிராணியின் தேவைகளை நிறைவேற்றக் கடமைப்பட்டவர் என்கிறது. அந்தக் கடமையை ஏற்கப் போகிறவருக்கு, வாங்குமுன் இதனைச் சொல்லாமல் படம் மட்டும் காட்டியிருப்பதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. மற்றப் பிழைகள் அறியாமையால் வந்தவை. இது அப்படித் தோன்றவில்லை.

நண்பர் மணலை அள்ளிக் கொட்டிவிட்டுக் காகிதம் விரித்தார், தெர்மோஸ்டாட் வாங்கினார், சூடான பக்கத்தில் கவிழ்த்த பூந்தொட்டி ஒன்றை வாசல் வெட்டி வைத்தார். மருத்துவரின் பரிசோதனையில் ஒட்டுண்ணி இல்லை என்று வந்தது. எட்டாம் நாள் மாலையில் பல்லி ஒரு சில்வண்டைப் பிடித்ததாம். மகள் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் பல்லி இருக்கும் இடத்தையும் அங்குள்ள வெப்பநிலையையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறாள். நிறை 41 கிராமிலிருந்து 46-க்கு வந்திருக்கிறது. புற ஊதா விளக்கை இன்னும் பொருத்தவில்லை. தொட்டியின் மூடியாக உள்ள கம்பி வலைக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். வலையே கதிரில் மூன்றிலொரு பங்கையோ அதற்கு மேலோ தடுத்துவிடும். மேலே வைப்பதானால் அதற்கேற்ப விளக்குக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தைக் குறைத்து, தொட்டியின் பாதியை நிழலாகவே விடும்படி பதில் எழுதியிருக்கிறேன்.